கொத்தனார் ஏன் கரண்டியைக் கொடுப்பதில்லை?

கேள்வி: வீடுகளும் சிறிய அடுக்குமாடிகளும் கட்டித்தரும் ஒப்பந்ததாரர் நான். ஒரே நேரத்தில் மூன்று வேலைகள் ஓடும். மொத்தம் 40 ஆட்கள். சுவர் வேலைக்கு அளவுக் கணக்கில் கூலி தருகிறேன். நல்ல கொத்தனார்கள் 5 பேர்தான், எல்லோரும் 50 வயதைத் தாண்டியவர்கள். அவர்களோடு இளைஞர்களைச் சேர்த்துவிட்டால் கலவை சுமக்கத்தான் வைக்கிறார்கள், கரண்டியைக் கொடுப்பதில்லை. பையன்களும் நாலைந்து மாதத்தில் போய்விடுகிறார்கள். மூன்று மாதப் பயிற்சி முடித்துச் சான்றிதழோடு வந்த இருவரைப் போட்டுப் பார்த்தேன். மூலை தூக்குக்கு, அதாவது தூக்குக்குண்டு காட்டும் செங்குத்துக்கு, நிற்கவில்லை, இடித்துவிட்டுத் திரும்பக் கட்டினோம். சொந்தமாக ஒரு பயிற்சிக் கூடம் தொடங்கலாமா? ஒருவரைக் கொத்தனாராக்க எத்தனை நாள் ஆகும்?

பதில்: கூடம் வேண்டாம். உங்கள் அளவுக்கு, நடக்கிற வேலைகளில் ஒன்றில் நிழலான ஓர் ஓரம், 200 செங்கல், சிமென்ட் கலக்காத பயிற்சிக் கலவை, ஒரு கொத்தனாரின் தினசரி ஒரு மணி நேரம், இவ்வளவு போதும். முதல் மூன்றும் நாளைக்கே கிடைக்கும். நான்காவதுதான் கிடைக்காது. ஏன் கிடைக்காது என்பதற்கான விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: "அளவுக் கணக்கில் கூலி தருகிறேன்."

கொத்தனார் பக்கத்தில் நின்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரம் கரண்டியைப் பையனிடம் கொடுத்தால் அந்த ஒரு மணி நேரத்துச் சுவர் அவர் அளவில் ஏறாது. பையன் வைத்த நான்கு வரிசை அலை அலையாக வந்தால் பிரித்து வைப்பது அவர் வேலை. அந்த நேரமும் நட்டம். பிரிக்காமல் விட்டால் பூச்சு தடிக்கும், மறுநாள் திட்டு வாங்குவதும் அவரே. இவ்வளவையும் தாங்கி அவர் பையனைத் தேற்றிவிட்டால், அடுத்த வேலையில் குறைந்த கூலிக்கு அவருக்குப் போட்டியாக வந்து நிற்பவன் அதே பையன். 50 வயதைத் தாண்டி முழங்கால் வலியோடு சாரம் ஏறுகிறவர் இதைச் செய்யமாட்டார். அவருக்குக் கர்வம் என்று நினைத்தீர்களானால் தப்பு. அது சரியான கணக்கு. கணக்கை மாற்றாமல் "நாலு பேருக்குக் கத்துக்குடுங்க அண்ணே" என்று கேட்பதில் பயனில்லை.

மாற்ற வேண்டியது மூன்று இடத்தில். கற்றுத்தரும் ஒரு மணி நேரத்துக்கு நாட்கூலி விகிதத்தில் தனிக் கூலி; அது சுவர் அளவோடு சேரக்கூடாது. பையன் முதல் முறை வேலைச் சுவரில் கை வைக்கும் நாட்களில், அந்த ஜோடி எவ்வளவு கட்டினாலும் கொத்தனாருக்கு அவருடைய வழக்கமான சராசரி அளவுக்குக் கூலி. கடைசியாக, பையன் சோதனையில் தேறினால் கற்றுத்தந்தவருக்கு ஒரு தொகை, தேறியவன் மூன்று மாதம் வேலையில் நிலைத்தால் இன்னொரு தொகை. இரண்டாகப் பிரித்துத் தருவதில் காரணம் உண்டு. முழுவதையும் தேர்ச்சிக்கே கொடுத்தால் சோதனைக்கு மட்டும் தயார் செய்து அனுப்புவார். நிலைப்பதற்கும் கொடுத்தால் பையனைத் திட்டித் துரத்தாமல் பார்த்துக்கொள்வார். இதையெல்லாம் வாய்ச்சொல்லாக விடாமல் எழுதிக் கொடுங்கள். போட்டி வருமே என்ற பயத்துக்கு மருந்து ஒன்றுதான்: கற்றுத்தருகிறவருக்கு வயதானபின் சாரம் ஏறாத ஒரு வேலை, மூலை தூக்குவது (சுவரின் மூலையை முதலில் கட்டி எழுப்புவது), முதல் வரிசை போடுவது, மட்டம் பார்ப்பது என்று உறுதி செய்வது.

ஐவரில் யாரைத் தேர்ந்தெடுப்பது? வேகமானவரை வேண்டாம். அவருடைய வேகம் கையில் இருக்கும், சொல்லில் வராது. "என்னைப் பார்த்துச் செய்" என்பார், அவ்வளவுதான். வேகத்தில் இரண்டாமவராகவோ மூன்றாமவராகவோ இருந்தாலும், தப்பைப் பார்த்ததும் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்காதவராகப் பாருங்கள். ஒருவருக்கு இரண்டு பேர், போனால் மூன்று. அதற்கு மேல் வைத்தால் ஒருவன் கட்டுவான், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள்.

பயிற்சிக்கு யாரை எடுப்பது என்பதில் ஒரு வார்த்தை. புதிதாக வந்த பையன்களை மட்டும் பார்க்காதீர்கள். உங்களிடம் வருடக்கணக்காகக் கலவை போடும் சித்தாள் யாராவது இருந்தால், மண்வெட்டியில் கலவை வழுக்கும் விதத்தை வைத்தே தண்ணீர் கூடியதா குறைந்ததா என்று சொல்லிவிடுவார். கொத்துவேலையில் கற்க அதிக நாள் பிடிக்கும் விஷயங்களில் ஒன்று அவருக்கு ஏற்கெனவே தெரியும். விருப்பம் உண்டா என்று கேளுங்கள். இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இனி எத்தனை நாள் என்ற கேள்வி. "கொத்தனார்" என்பது ஒரே சொல்லாக இருந்தாலும் உள்ளே இருபதுக்கு மேற்பட்ட வேலைகள் இருக்கின்றன: கலவை, கல் நனைப்பது, நூலுக்குக் கல் வைப்பது (இரு மூலைகளுக்கு நடுவே இழுத்துக் கட்டிய நூலை ஒட்டி வரிசையை நிரப்புவது), சுவர் முனை, ஜன்னல் ஓரம், மூலை, முதல் வரிசை, குறுக்குச்சுவர் இணைப்பு, சாரத்தில் நின்று கட்டுவது, வரைபடம் பார்த்து மையக்கோடு போடுவது, பூச்சு, தளமட்டம். ஒவ்வொன்றுக்கும் நாள் வேறு. தினம் ஒரு மணி நேரப் பயிற்சியும் மற்ற நேரம் அதே வகை வேலையும் கிடைத்தால், மூலை தூக்கிக் கொடுத்த சுவரில் நூலுக்குக் கல் வைக்க 6 முதல் 8 வாரம். தனியாக மூலை தூக்க 5, 6 மாதம். வரைபடத்தைக் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் நகர்ந்துபோகும் நிலைக்கு இரண்டு வருடம் வைத்துக்கொள்ளுங்கள். இது என் கணிப்பு. ஆளுக்கு ஆள் மாறும். ஜெர்மனியில் கொத்தனார் தொழிற்பயிற்சி 3 ஆண்டு. வேலையிடமும் பள்ளியும் மாறி மாறி. மூன்று மாதத்தில் கொத்தனார் என்று சொல்லும் எந்தத் திட்டமும் நூலுக்குக் கல் வைப்பவரைத்தான் தர முடியும். அதுவும் உபயோகமான ஆள்தான், அவரை மூலையில் நிறுத்தாத வரை.

உங்கள் சான்றிதழ்ப் பையன்கள் இருவருக்கும் நடந்தது இதுதான். பயிற்சி வகுப்பில் தரை சமமாக இருக்கும், கல் ஒரே அளவாக இருக்கும், கலவையை யாரோ அளந்து கலந்து வைத்திருப்பார்கள், மாலைக்குள் முடி என்று யாரும் நிற்க மாட்டார்கள். வேலையிடத்தில் அடித்தளம் ஒரு முனையில் 15 மி.மீ. இறங்கியிருக்கும், கல் வளைந்திருக்கும். இந்த வித்தியாசத்தை முழுவதும் விழுங்க வேண்டிய இடம் முதல் வரிசையும் மூலையும். புதியவரை நேராக அங்கே நிறுத்தினால் தோற்கத்தான் செய்வார். அவர்களைத் திரும்பக் கூப்பிட்டு, மூலையை வேறொருவர் தூக்கிக் கொடுக்க, நடுவே நிரப்பும் வேலையைக் கொடுங்கள்.

அந்த ஓரத்தில் என்ன நடக்க வேண்டும் என்று பார்ப்போம்.

பயிற்சிக் கலவைக்கு ஒரு பங்கு நீர்த்த சுண்ணாம்புத் தூள், 5 பங்கு சலித்த மணல். சிமென்ட் சேர்க்காததால் இறுகிப் பிடிக்காது. மறுநாள் சுவரைப் பிரித்து, கல்லைச் சுரண்டி அடுக்கி, அதே கலவையில் தண்ணீர் தெளித்துத் திரும்பப் பிசைந்துகொள்ளலாம். கரண்டியில் சிமென்ட் கலவை போலவே வழியும், போலவே நிற்கும். ஒன்றை மறக்க வேண்டாம்: சுண்ணாம்பு தோலைப் புண்ணாக்கும், கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. கையுறை, கண்ணாடி, பக்கத்திலேயே சுத்தமான தண்ணீர் இல்லாமல் வாளியைத் திறக்காதீர்கள். செங்கல் ஆளுக்கு 100. ஒவ்வொருவருக்கும் கரண்டி, நூல், தூக்குக்குண்டு தனித்தனியாக வேண்டும். ரசமட்டம் இரண்டு பேருக்கு ஒன்று போதும்.

முதல் நாள் கல்லே வைக்கக்கூடாது. ரசமட்டத்தை ஒரு பலகையில் வைத்துக் குமிழி நிற்கும் இடத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். பிறகு முனை மாற்றித் திருப்பி அதே இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். குமிழி வேறு இடத்தில் நின்றால் மட்டமே பொய் சொல்கிறது. உங்கள் வேலையிடங்களில் உள்ள எல்லா ரசமட்டங்களையும் அன்றே இப்படிப் பார்த்துவிடுங்கள். "கை சரியில்லை" என்று ஆள் பேரில் எழுதிய சில தப்புகள் கருவியின் தப்பாக இருக்கும்.

அடுத்து, நன்றாக நனைத்து மேல்நீர் வடிந்த ஒரு கல்லும், எலும்பாய்க் காய்ந்த ஒரு கல்லும் எடுத்துக்கொண்டு இரண்டையும் கலவையில் வைக்கச் சொல்லுங்கள். ஓரிரு நிமிடம் கழித்து இரண்டையும் விரலால் நகர்த்திச் சரிசெய்யச் சொல்லுங்கள். நனைந்த கல் நகரும். காய்ந்த கல் அடியிலிருக்கும் கலவையின் தண்ணீரைக் குடித்துவிட்டதால் அங்கேயே இறுகி நிற்கும். பெயர்த்தால் கலவை உதிரும். கல் நனைக்கச் சொல்லி ஆயிரம் முறை கத்துவதைவிட இந்த இரண்டு நிமிடம் நன்றாக மனதில் பதியும். சொட்டச் சொட்ட நனைந்த கல்லையும் ஒருமுறை வைக்க விடுங்கள். அது மிதந்து வழுக்குவதையும் அவன் பார்க்கட்டும்.

கற்றுத்தரும் முறைக்கு வருவோம். முதல் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கக் கப்பல் கட்டும் தளங்களுக்கு அவசரமாக ஆயிரக்கணக்கில் ஆட்கள் தேவைப்பட்டபோது, சார்லஸ் ஆலன் என்ற தொழிற்கல்வியாளர் நான்கு படி முறை ஒன்றை வகுத்தார்: ஆளைத் தயார்செய், செய்து காட்டு, செய்ய விடு, சோதித்துப் பார். இரண்டாம் உலகப் போர்க் காலத்துத் தொழிற்சாலைப் பயிற்சித் திட்டங்களும் இதன் மேல்தான் எழுந்தன. இன்றைக்கும் இதைவிட எளிய முறை கிடையாது. நம் வேலையிடங்களில் இரண்டாவது படி மட்டும்தான் நடக்கிறது, அதுவும் பாதி.

செய்து காட்டுவது மூன்று முறை நடக்க வேண்டும். முதல் முறை பேசாமல், வழக்கமான வேகத்தில். இரண்டாம் முறை மெதுவாக, முக்கியமான இடங்களைச் சொல்லிக்கொண்டே. மூன்றாம் முறை ஒவ்வோர் இடத்துக்கும் காரணம் சொல்லி. பிறகு பையன் செய்ய வேண்டும், செய்யும்போதே காரணத்தையும் அவன் வாயால் சொல்ல வேண்டும். கை செய்வதும் வாய் சொல்வதும் ஒத்துப்போகாத இடத்தில் அவனுக்கு இன்னும் புரியவில்லை.

உதாரணமாக நூலுக்கு ஒரு கல் வைப்பது. கலவையை இரண்டு மூன்று கல் நீளத்துக்கு மட்டும் விரிக்க வேண்டும். ஏன்? அதற்கு மேல் விரித்தால் கடைசிக் கல் வருவதற்குள் மேல்பரப்பு வறண்டுவிடும், பிடிக்காது. கல்லின் தலைப்பக்கத்தில் கலவை முழுமையாகத் தடவ வேண்டும். ஏன்? ஓரத்தில் மட்டும் தடவினால் செங்குத்து ஜாயிண்ட் உள்ளே பொந்தாக நிற்கும், மழைத்தண்ணீர் அந்த வழியாக உள்ளே வரும். கல்லைக் கையால் அழுத்தி இறக்க வேண்டும்; கரண்டிக் காம்பால் தட்டுவது கடைசிச் சிறு திருத்தத்துக்கு மட்டும். ஏன்? தட்டித் தட்டி இறக்கினால் பக்கத்துக் கல்லும் அசைந்து அதன் பிடி விட்டுவிடும். பிதுங்கிய கலவையைக் கரண்டியால் மேல்நோக்கி வெட்டி எடுக்க வேண்டும், சுவர் முகத்தில் தேய்க்கக்கூடாது.

எல்லாவற்றையும்விட முக்கியமான இடம் நூல். கல்லின் மேல்விளிம்பு நூலின் மட்டத்துக்கு வர வேண்டும், ஆனால் கல் நூலைத் தொடவே கூடாது, 1 மி.மீ., மிஞ்சினால் 2 மி.மீ. இடைவெளி தெரிய வேண்டும். பையன்கள் எல்லோரும் கல்லை நூலில் ஒட்டவைத்துவிட்டு "சரியாக வைத்துவிட்டேன்" என்று நிமிர்வார்கள். ஒரு கல் நூலை ஒரு மயிரிழை வெளியே தள்ளினால் அடுத்த கல் தள்ளப்பட்ட நூலுக்குச் சரியாக உட்காரும், அதற்கடுத்தது இன்னும் கொஞ்சம் தள்ளும். பத்து வரிசை ஏறும்போது சுவருக்கு நடுவில் தொப்பை விழுந்திருக்கும். மூலை இரண்டும் தூக்குக்குச் சரியாக இருப்பதால் தப்பு எங்கே என்று யாருக்கும் பிடிபடாது. அனுபவசாலியிடம் கேட்டால் "நூலைப் பார்த்து வை" என்பார். அவர் அந்த இடைவெளியை விட்டுத்தான் வைப்பார், விடுகிறோம் என்பது அவருக்கே தெரியாது.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. வேலையில் கை அசைவுகளை ஆராய்ந்த அமெரிக்கரான ஃபிராங்க் கில்பிரத் 1885-இல் கொத்துவேலை கற்கச் சேர்ந்தபோது, கொத்தனார் வேகமாகக் கட்டும்போது ஒருவிதமாகவும், மெதுவாகக் கட்டும்போது இன்னொரு விதமாகவும், கற்றுத்தரும்போது மூன்றாவது விதமாகவும் கை அசைப்பதைக் கவனித்தார். கற்பவனுக்குக் கிடைப்பது அந்த மூன்றாவது விதம், வேலையில் யாருமே பயன்படுத்தாத விதம்! பின்னாளில் அவர் ஒரு கல்லுக்கு 18 அசைவு என்றிருந்ததை 5 அசைவாகக் குறைத்தார். அதில் பெரும்பங்கு கைத்திறமையைச் சேர்ந்ததல்ல. உயரம் மாற்றக்கூடிய சாரம் அமைத்து, கல்லும் கலவையும் இடுப்பு உயரத்தில் இருக்கச் செய்து, ஒவ்வொரு கல்லுக்கும் குனிவதை நிறுத்தியது. நீங்கள் செய்ய வேண்டியது சுலபம். உங்கள் கொத்தனார் உண்மையான சுவரில் கட்டும்போது கைக்கு நேராகப் பத்து நிமிடம் ஃபோனில் படம் பிடியுங்கள், அவர் பையனுக்குக் காட்டித்தரும்போதும் பிடியுங்கள். இரண்டையும் அவருக்கே பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டினால் அவரே சிரித்துவிட்டுத் திருத்திக்கொள்வார். 50 வயதைத் தாண்டிய ஐந்து பேரின் கையும் அப்படிப் பதிவாகி நிற்பது உபரி லாபம்.

வரிசைக்கிரமம் இப்படி: கலவையும் நனைப்பும் ஒரு வாரம், நூலுக்கு நிரப்புவது, பிறகு சுவர் முனையும் ஜன்னல் ஓரமும், கடைசியில்தான் மூலை. பயிற்சி நேரம் காலையில் முதல் மணி. மாலையில் வைத்தால் எட்டு மணி நேரம் சுமந்த கைக்கு நுணுக்கம் வராது, பையனும் அதைத் தண்டனையாக நினைப்பான். அந்த ஒரு மணிக்கும் அவனுக்குக் கூலி உண்டு. கூலியில்லாப் பயிற்சிக்கு இரண்டாவது வாரம் ஆள் வராது. பயிற்சியில் தேறும் வரை சாரத்தில் ஏற்றக்கூடாது. சாரத்தில் எப்படி ஏறுவது, எந்தப் பலகையில் எவ்வளவு கல் அடுக்கலாம், பாதுகாப்புப் பட்டையை எங்கே மாட்டுவது என்பவற்றைக் கரண்டி பிடிப்பதற்கு முன்னமே சொல்லித்தர வேண்டும்.

சோதனை என்றால் பேப்பரில் எழுதுவதல்ல. ஒரு "எல்" வடிவ மூலை, இரு கையும் 1 மீட்டர், அரைக்கல் சுவர் (ஒரு கல்லின் அகலமே தடிமன்), 9 வரிசை. 80 கல் வரை பிடிக்கும். அளந்து எழுத வேண்டியவை: மூலையிலும் இரு முனைகளிலும் தூக்கு, 3 மி.மீ.க்குள், மேல் வரிசையின் மட்டம், மீட்டருக்கு 3 மி.மீ.க்குள், மூலைச் சதுரம், ஒரு கையில் 60 செ.மீ., மறு கையில் 80 செ.மீ. குறித்தால் குறுக்கே 100 செ.மீ. வர வேண்டும், படுக்கை ஜாயிண்ட் (வரிசைகளுக்கு நடுவே உள்ள கிடைக் கலவை) 10 மி.மீ., கூடினாலும் குறைந்தாலும் 2 மி.மீ.; செங்குத்து ஜாயிண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வந்த இடம் ஒன்றுகூட இருக்கக்கூடாது. நேரத்தையும் குறியுங்கள், ஆனால் முதல் இரண்டு சோதனையில் நேரத்துக்கு மதிப்பெண் வேண்டாம். சரியாகக் கட்டப் பழகியவனுக்கு வேகம் தானாக வரும். வேகமாகத் தப்பாகக் கட்டப் பழகியவனைத் திருத்துவது கஷ்டம். அளப்பவர் கற்றுத்தந்த கொத்தனாராக இருக்கக்கூடாது. தேர்ச்சித் தொகை அவருக்குப் போவதால், மற்ற நால்வரில் ஒருவர் தூக்குக்குண்டைப் பிடிக்கட்டும்.

சோதனைச் சுவரைப் பார்த்தே எதைத் திரும்பக் கற்றுத்தர வேண்டும் என்றும் தெரிந்துவிடும். நடுவில் தொப்பை என்றால் நூலைத் தொட்டிருக்கிறான். ஒரு முனை உயர்ந்திருந்தால் முதல் வரிசையின் படுக்கையில் தப்பு, மேலே எங்கும் தேட வேண்டாம். ஒவ்வொரு வரிசையும் மட்டம், ஆனால் மொத்த உயரம் மிஞ்சுகிறது என்றால் வரிசை உயரங்களைக் குறித்த அளவுக்குச்சியை வைத்துப் பார்க்கவில்லை. கல்லெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து ரம்பப் பல் மாதிரி விளிம்பு தெரிந்தால், கலவையை ஒரு ஓரம் தடிப்பாக விரிக்கிறான்.

கம்பி வேலைக்கும் கான்கிரீட்டுக்கும் இதே முறைதான், விரித்துச் சொல்ல இடமில்லை. கம்பியில் வெட்டி மீந்த துண்டுகளை வைத்து 1 மீட்டர் உயரத் தூண் கூடு ஒன்றைக் கட்டிப் பிரிக்கப் பழக்கலாம். ஸ்டிரப் (நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம்) கொக்கி 135 டிகிரி உள்நோக்கி மடிந்திருக்கிறதா, கொக்கிகள் எல்லாம் ஒரே மூலையில் வராமல் மாறி மாறி வருகிறதா என்று பாருங்கள். இந்த வேலையில் கை பிசகுவதைவிட வரைபடம் படிக்கத் தெரியாமல் பிசகுவது அதிகம்.

கான்கிரீட்டில் முதலில் பயிற்சி தர வேண்டிய ஆள் தண்ணீர்க் குழாயைப் பிடிப்பவர். 50 கிலோ மூட்டைக்குத் தண்ணீர்-சிமென்ட் விகிதம் 0.5 என்றால் மொத்தம் 25 லிட்டர். "கொஞ்சம் இளக்கமாக" என்று அவர் ஊற்றும் 5 லிட்டர் அதை 0.6 ஆக்கிவிடும், வலு கண்ணுக்குத் தெரியாமல் இறங்கும். ஈரமணலே தண்ணீர் கொண்டுவரும் என்பதும் அவருக்குத் தெரிய வேண்டும். 5 சதவீதம் ஈரமுள்ள 100 கிலோ மணலில் கிட்டத்தட்ட 5 லிட்டர் ஏற்கெனவே இருக்கிறது. வைப்ரேட்டர் (கான்கிரீட்டை அதிர வைத்துக் காற்றை வெளியேற்றும் கருவி) பிடிப்பவருக்கு மூன்றே விஷயம்: நேராக, வேகமாக இறக்கு, கீழ் அடுக்குக்குள் 10 செ.மீ. போகட்டும், குமிழி நின்றதும் மெதுவாக எடு. வேகமாகப் பிடுங்கினால் குழி மூடாது. அதைக் கொண்டு கான்கிரீட்டை ஓரத்துக்குத் தள்ளினால் ஜல்லி ஒரு பக்கமும் சிமென்ட் பால் ஒரு பக்கமும் பிரிந்துபோகும்.

இனி, நாலு மாதத்தில் ஏன் போகிறார்கள்? பெரியாளுக்கு (சுமக்கும் ஆளுக்கு) ஒரு கூலி, கொத்தனாருக்கு ஒரு கூலி, நடுவே ஒன்றுமில்லை. நாலாவது மாதத்தில் பையனுக்கு நூலுக்குக் கல் வைக்கத் தெரிந்திருக்கும், கூலி மட்டும் முதல் நாள் கூலியாகவே இருக்கும். பக்கத்து வேலையில் பத்து சதவீதம் கூட்டிக் கொடுத்தால் போகத்தான் செய்வான். நடுவில் மூன்று படி போடுங்கள்: கலவை ஆள், நூல் ஆள், மூலை ஆள், பிறகு கொத்தனார். ஒவ்வொரு படிக்கும் என்ன சோதனை, தேறினால் என்ன கூலி என்று எழுதி வேலையிடத்தில் எல்லோரும் பார்க்கும் சுவரில் ஒட்டுங்கள். தேறிய நாளைத் தொடர்ந்து வரும் முதல் கூலி நாளிலேயே புதுக் கூலி கைக்கு வர வேண்டும். "அடுத்த வேலை ஆரம்பிக்கட்டும், பார்க்கலாம்" என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அந்தத் தாளைக் கிழித்துவிடலாம்.

கற்றுக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வது என்று நினைப்பீர்கள். சிலர் போவார்கள். அதற்காகக் கூலியைப் பிடித்து வைப்பது, அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொள்வது போன்றவற்றில் இறங்கவே கூடாது. கட்டாய உழைப்புக்கான அடையாளங்களாகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு எண்ணுபவை அவை. வெளியே செய்தி பரவினால் புது ஆளும் வரமாட்டான். அதற்கு நேர்மாறாக, ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை கொடுங்கள்: எந்தத் தேதியில் எந்தச் சோதனை, தூக்கு எத்தனை மி.மீ., அளந்தவர் கையெழுத்து. அட்டை அவனுக்குச் சொந்தம், போகும்போது எடுத்துப்போகலாம். அதைக் காட்டி வேறிடத்தில் வேலை வாங்குபவனைப் பார்த்து உங்களிடம் இரண்டு பேர் வருவார்கள். இரண்டு வேலைகளுக்கு நடுவே இடைவெளி விழும் நாட்களிலும் ஆட்கள் கழன்றுகொள்வார்கள். முழுநேரப் பயிற்சியை அந்த நாட்களுக்குத் தள்ளிவைத்து, கலவை ஆள் கூலியாவது கொடுத்துப் பிடித்துவையுங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். இடித்துத் திருத்திய ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரி: என்ன, எவ்வளவு, ஏன். "ஏன்" என்பதற்கு மூன்றே விடை அனுமதியுங்கள்: தெரியாமல் செய்தது, தெரிந்தும் பொருளோ கருவியோ நேரமோ இல்லாமல் செய்தது, வரைபடமோ உத்தரவோ தப்பாக இருந்தது. பயிற்சி முதலாவதை மட்டுமே குணப்படுத்தும். தளத்தின் அடியில் கம்பி தெரிகிறது என்று கம்பி கட்டுபவரைப் பயிற்சிக்கு அனுப்பும் முன், அன்றைக்கு வேலையிடத்தில் கவர் பிளாக் (கம்பியைத் தளப்பலகையிலிருந்து தூக்கி நிறுத்தும் சிறு கட்டை) இருந்ததா என்று கேளுங்கள். இல்லையென்றால் அவர் ஜல்லிக்கல்லை முட்டுக்கொடுத்திருப்பார், கான்கிரீட் கொட்டும்போது யார் காலோ பட்டு அது நகர்ந்திருக்கும். இரண்டாவது, மூன்றாவது விடைகள் அதிகம் வரும் மாதத்தில் பயிற்சி பெற வேண்டியவர் நீங்களும் உங்கள் மேற்பார்வையாளரும்தான்.

தொடங்குவதற்குத் திங்கட்கிழமை நல்ல நாள். ஐவரில் ஒருவர், அந்தச் சான்றிதழ்ப் பையன்கள் இருவர், 200 கல். அவர்களுக்கு முதல் வாரமே சோதனை மூலையைக் கட்டச் சொல்லி, அளந்து தேதியோடு எழுதி வையுங்கள். எட்டாவது வாரம் அதே மூலையைத் திரும்பக் கட்டும்போது எதிரே வைத்துப் பார்க்க அந்தத் தாள் வேண்டும்.